குளூட்டன் இல்லாத ரொட்டியா? மிக்சரின் கொக்கியை முதலில் கழற்றுங்கள்!

[திரையில்: ஒரு கையில் வளைந்த கொக்கி, மறு கையில் தட்டையான பீட்டர்]

குளூட்டன் இல்லாத ரொட்டி செய்வதற்காக ஸ்டாண்ட் மிக்சர் வாங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் அதோடு வந்த மாவு பிசையும் கொக்கியை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுங்கள். ஆமாம், ரொட்டிக்கென்றே கொடுக்கப்பட்ட கொக்கியைத்தான் சொல்கிறேன். அது நமக்கு ஏன் உதவாது என்பது புரிந்துவிட்டால், செங்கல்போல் இறுகிய ரொட்டி, நடுவில் குழி விழுந்த கேக், பல்லில் மணலாய் நறநறக்கும் பிஸ்கட் எல்லாவற்றுக்கும் காரணம் பிடிபட்டுவிடும்.

என் அக்கா மகளுக்கு சீலியாக் நோய் இருப்பது தெரிந்து ஆறு வருடங்கள் ஆகின்றன. அன்றிலிருந்து வாரம் இரண்டு முறையாவது இந்த மிக்சர் எங்கள் வீட்டில் ஓடுகிறது. இன்று நான் சொல்லப்போகும் செய்முறை எல்லாம் அந்தப் பழக்கத்தில் கைவந்தது.

முன்கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதம். சீலியாக் நோய் உள்ளவர்கள் இதைச் சாப்பிட்டால் அவர்களுடைய நோய் எதிர்ப்பு மண்டலமே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கத் தொடங்குகிறது. இந்த நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பை நிறுவியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கெ. அவருடைய ஆய்வேடு 1950-இல் வெளிவந்தது. சரி, மிக்சருக்கு வருவோம்.

[திரையில்: குழாய்த் தண்ணீருக்கு அடியில் ஓர் உருண்டை மாவு]

இந்தக் காட்சியைக் கொஞ்சம் கவனியுங்கள். கோதுமை மாவைப் பிசைந்து உருட்டி, தண்ணீருக்கு அடியில் பிடித்து மெதுவாகப் பிசைந்துகொண்டே இருக்கிறோம். பால் நிறத்தில் மாவுச்சத்து கரைந்து ஓடுகிறது. ஓடி முடிந்ததும் கையில் என்ன மிஞ்சுகிறது பாருங்கள்: இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும் ரப்பர் போன்ற ஒரு பிசின். அதுதான் குளூட்டன். இத்தாலியின் பொலோனியா நகரத்து அறிஞர் பெக்காரி இதே முறையில் குளூட்டனைப் பிரித்தெடுத்தார். அவருடைய கட்டுரை 1745-இல் அச்சானது. இனி அரிசி மாவு உருண்டையைப் பிடிப்போம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கையில் ஒன்றுமே இல்லை. முழுவதும் கரைந்து போய்விட்டது. சீலியாக் உள்ளவர் இருக்கும் வீட்டில் தயவுசெய்து இந்தச் சோதனையைச் செய்து பார்க்காதீர்கள். அதற்காகத்தான் வேறோர் இடத்தில் படம் பிடித்துக் கொண்டுவந்து காட்டுகிறேன்.

கொக்கியின் வேலை, மாவை இழுத்து, மடித்து, மறுபடி இழுத்து, அந்த ரப்பர் வலையைப் பின்னுவது. வலையே இல்லாத மாவில் அது எதைப் பின்னும்? குளூட்டன் இல்லாத ரொட்டி மாவு பெரும்பாலும் கெட்டியான கேக் மாவுபோல்தான் இருக்கும். 100 கிராம் கோதுமை மாவுக்கு 60 முதல் 65 மில்லி தண்ணீர் போதும் என்றால், நம்முடைய கலவைக்குப் பல நேரங்களில் 90 முதல் 100 மில்லி வரை தேவைப்படும். அந்தக் குழம்பில் கொக்கியைப் போட்டால் அது நடுவில் ஒரு பாதையை வெட்டிக்கொண்டு சுற்றும். ஓரத்து மாவு ஓரத்திலேயே நிற்கும்.

அதனால் தட்டையான பீட்டரை மாட்டுங்கள். நமக்கு வேண்டியவை இரண்டு. ஒவ்வொரு துகளும் நனைய வேண்டும். கலவைக்குள் காற்று ஏற வேண்டும். முதல் அரை நிமிடம் மிகக் குறைந்த வேகம், இல்லாவிட்டால் மாவு புகையாய்ப் பறக்கும். பிறகு நடுத்தர வேகத்தில் மூன்று, நான்கு நிமிடங்கள் அடிக்கலாம். கோதுமை கேக் செய்து பழகியவர்களுக்கு இங்கே கை கூசும். அதிகம் அடித்தால் கேக் ரப்பராகிவிடும் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்திருப்போம். அந்தப் பயத்தை இங்கே விட்டுவிடுங்கள். ரப்பராக்கும் குளூட்டனே இதில் இல்லை. முட்டை வெள்ளைக்கருவை மட்டும் தனியாக நுரைக்க அடிக்கும்போது அளவு தாண்டக் கூடாது. அந்த நுரை உடைந்துபோகும்.

[திரையில்: மிக்சர் கிண்ணத்தின் அடியில் ஒரு சிறு நாணயம்]

இந்த வீடியோவில் நீங்கள் இன்றைக்கே செய்து பார்க்கக்கூடியது இதுதான். காலியான கிண்ணத்தில் கழுவிய நாணயம் ஒன்றைப் போடுங்கள். பீட்டரை மாட்டி, மிகக் குறைந்த வேகத்தில் ஓட விடுங்கள். பீட்டர் ஒவ்வொரு சுற்றிலும் நாணயத்தை லேசாகத் தட்டி, ஒரு விரல் அகலத்துக்கும் குறைவாக நகர்த்த வேண்டும். நாணயம் அசையவே இல்லையா? பீட்டர் அதிக உயரத்தில் இருக்கிறது. நாணயத்தை இழுத்துக்கொண்டு சுற்றுகிறதா? அதிகம் இறங்கிவிட்டது. தலை சாயும் வகை மிக்சர்கள் பலவற்றில் கழுத்துப் பகுதியில் இதற்கென்று ஒரு திருகு இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்தத் திருகைக் கால் சுற்று திருப்பி, மறுபடி சோதித்துப் பாருங்கள். நாணயத்தை எடுக்க மறந்துவிடாதீர்கள்!

இது ஏன் நமக்கு இவ்வளவு முக்கியம்? அரிசி மாவு கனமாக அடியில் போய்ப் படிந்துகொள்ளும். கோதுமை மாவென்றால் ஒட்டிக்கொண்டு மேலே சுருண்டு வந்துவிடும். நம் மாவு வராது. பீட்டர் எட்டாத அந்தக் கொஞ்ச இடத்தில் உலர்ந்த மாவு தங்கி, ரொட்டியை வெட்டும்போது வெள்ளைத் திட்டாகத் தெரியும். எவ்வளவு நன்றாகச் சரிசெய்திருந்தாலும், நடுவில் இரண்டு முறை மிக்சரை நிறுத்தி ரப்பர் கரண்டியால் அடியை வழித்துவிடுங்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வந்துவிட்டோம். கொஞ்சம் நீளமாகவே பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள்]

குளூட்டன் வலை இல்லை என்றால் ரொட்டிக்குள் காற்றைப் பிடித்து வைப்பது யார்? இந்தத் தூள். பெயர் சாந்தன் கம். முட்டைக்கோஸ் இலைகளில் கறுப்பு அழுகல் நோயை உண்டாக்கும் பாக்டீரியா ஒன்று இருக்கிறது. அந்த நுண்ணுயிருக்குச் சர்க்கரையைக் கொடுத்து வளர்த்தால் தன்னைச் சுற்றி ஒரு பசையைச் சுரக்கும். அதைப் பிரித்து, உலர்த்தி, பொடித்தால் சாந்தன் கம். அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வகத்தில் ஆலீன் ஜீன்ஸ் என்ற வேதியியலாளரும் அவருடைய குழுவினரும் கண்டறிந்தது இது. உணவில் சேர்க்க அமெரிக்கா 1969-இல் அனுமதி கொடுத்தது. ஒரு செடியின் நோய்க்குக் காரணமான உயிர், ரொட்டியே சாப்பிட முடியாத ஒரு குழந்தையின் தட்டில் ரொட்டியை வைக்கிறது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது ஆச்சரியமாகவே இருக்கிறது.

ஆனால் உண்மையான அதிசயம் மிக்சர் ஓடும்போதுதான். சாந்தன் கலந்த திரவத்துக்கு ஒரு குணம் உண்டு: கலக்கினால் இளகும், கலக்குவதை நிறுத்தினால் இறுகும். பாட்டிலைக் குலுக்கினால் சாலட் டிரெஸ்ஸிங் தளதளவென்று ஊற்றுகிறது, தட்டில் விழுந்ததும் இலையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது அல்லவா? அதற்குள்ளும் பெரும்பாலும் இந்தச் சாந்தன்தான் இருக்கும். இப்போது நம் கிண்ணத்தைப் பாருங்கள்.

[திரையில்: சுழலும் பீட்டர், பிறகு மிக்சர் நிற்கிறது]

சுழலும்போது மாவு நெகிழ்ந்து, பளபளப்பாக, தண்ணீர் கூடிப்போனதோ என்று சந்தேகப்படும் அளவுக்கு ஓடுகிறது. பலர் இந்த இடத்தில் பதறி இன்னும் இரண்டு கரண்டி மாவைக் கொட்டிவிடுகிறார்கள். ரொட்டி செங்கல்லாகும் கணம் இதுதான்! கொட்டாதீர்கள். மிக்சரை நிறுத்துங்கள். பத்து எண்ணுங்கள். பீட்டரைத் தூக்குங்கள். பார்த்தீர்களா, அதே மாவு இப்போது பீட்டரின் விளிம்பில் கெட்டியாகத் தொங்குகிறது. கரண்டியால் இழுத்த கோடு அழியாமல் நிற்கிறது. ஓடும்போது இளகியதால் காற்று உள்ளே புகுந்தது. நின்றதும் இறுகியதால் அந்தக் காற்று தப்பிக்க வழியில்லை. ஆகவே மாவின் பதத்தை மிக்சர் ஓடும்போது ஒருபோதும் முடிவு செய்யாதீர்கள். நின்ற பிறகு பாருங்கள்.

அளவு மிகக் குறைவு. ரொட்டிக்கு ஒரு கப் மாவுக்கு அரை முதல் ஒரு டீஸ்பூன், கேக்குக்குக் கால் டீஸ்பூன். கூடினால் வழவழவென்று கோந்து மாதிரி ஆகிவிடும். தண்ணீரில் நேராகத் தூவினால் வெளியே வழுக்கலும் உள்ளே உலர்ந்த பொடியுமாகக் கட்டிகள் உருளும். எவ்வளவு அடித்தாலும் கரையாது. உலர்ந்த மாவோடு முதலிலேயே கலந்துவிடுங்கள்.

சாந்தன் வேண்டாம் என்பவர்களுக்கு இசப்கோல் உமி இருக்கிறது. இதற்கு முறை நேர் எதிர்: தண்ணீரில் முதலில் கலக்கி, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, கூழானதும் மாவில் சேர்க்க வேண்டும். 100 கிராம் மாவுக்கு ஏறக்குறைய 5 கிராம். இசப்கோல் தாராளமாகச் சேர்ந்த மாவைக் கையால் உருட்டலாம், வடிவம் கொடுக்கலாம். அந்த மாவுக்கு மட்டும் அலமாரியில் வைத்த கொக்கியை இறக்கிக்கொள்ளலாம். அதையும் பீட்டரால் கலந்து முடித்த பிறகுதான். என் தேர்வு எது என்று கேட்டால், ரொட்டிக்கு இசப்கோல், கேக்குக்கு சாந்தன்.

அடித்து முடித்த கேக் மாவை உடனே ஓவனில் வைக்காமல் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள், அரிசி மாவின் நறநறப்பு போய்விடும். ரொட்டி மாவை ஒரே முறை பொங்கவிட்டால் போதும். அமுக்கி மறுபடி பொங்கவிடும் பழக்கம் இங்கே வேண்டாம், போன காற்று திரும்பாது. வெந்த ரொட்டியின் நடுவில் வெப்பமானி 96 முதல் 98 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். முழுவதும் ஆறிய பிறகே வெட்டுங்கள்; சூட்டில் வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும்.

[திரையில்: மிக்சரின் தலை, கீழிருந்து எடுத்த காட்சி]

கடைசியாக ஒன்று. சீலியாக் உள்ளவர் வீட்டில் இருந்தால் இந்தப் பகுதியைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். இது பீட்டர் மாட்டும் தண்டு. தண்டு தலைக்குள் நுழையும் வளையத்தைப் பாருங்கள், அதற்குள் ஒரு சுருள்வில்லும் இருக்கிறது. ஏற்கெனவே கோதுமை ஓடிய மிக்சர் என்றால், பறந்த மாவு இந்த இடுக்கில்தான் தங்கும். பஞ்சு முனையுள்ள குச்சியை நனைத்து உள்ளே சுற்றிப் பாருங்கள். சுத்தமாகத் தெரிந்த மிக்சரிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு பசை வரும். அடுத்த முறை மிக்சர் ஓடும்போது அது உதிர்ந்து நேராகக் கிண்ணத்துக்குள் விழும்.

எவ்வளவு விழுந்தால் ஆபத்து? குளூட்டன் இல்லாதது என்று பெயர் போட ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது சர்வதேச உணவுத் தரக் குழுவான கோடெக்ஸின் வரையறை. சாதாரணக் கோதுமை மாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு புரதம், அதிலும் பெரும்பகுதி குளூட்டன். கணக்குப் போட்டால் கால் கிராம் கோதுமை மாவிலேயே 20 மில்லிகிராம் வந்துவிடுகிறது. கால் கிராம் என்பது இரண்டு விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை.

அதனால் என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: பிறர் கோதுமைக்குப் பயன்படுத்திய மிக்சரை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சீலியாக் உள்ளவருக்காக வாங்காதீர்கள். கிண்ணத்தையும் பீட்டரையும் கழுவிவிடலாம், தலைக்குள் கழுவ முடியாது. பட்ஜெட் இடிக்கிறதா? கோதுமையே படாத புதிய கை மிக்சர் ஒன்று போதும். இன்று பார்த்த கேக் மாவையும், தளர்ந்த ரொட்டி மாவையும் அது நன்றாகவே அடிக்கும்.

[திரையில்: ஆறிய ரொட்டியை வெட்டுகிறோம், சிறிய சிறிய துளைகளுடன் ஒரு துண்டு]

என் அக்கா மகள் ரொட்டித் துண்டை முதலில் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துத் துளைகளை எண்ணுவாள். பிறகுதான் வெண்ணெய். உங்கள் மிக்சரில் நாணயம் நகர்ந்ததா, இல்லையா என்று எழுதுங்கள்; மிக்சரின் வகையையும் சேர்த்து எழுதினால் எந்தத் திருகைத் திருப்புவது என்று சொல்கிறேன். அடுத்த வீடியோவில் இதே பீட்டரை வைத்து பீட்சா அடித்தளம் செய்யப்போகிறோம். இசப்கோலை இன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.