தெரேசினில் 55 முறை மேடையேறிய ஓபரா

வணக்கம் மக்களே! நேற்று செக் நாட்டுத் தலைநகர் பிராகிலிருந்து, நாஜி முகாம் இருந்த தெரேசினுக்குப் போய் வந்தேன். முதலில் அந்தப் பஸ் கதை. ஹொலெஷோவிட்சே நிலையத்தில் எதிர்ப்பக்கம் நின்றுவிட்டேன். கண்ணெதிரே பஸ் கிளம்பிப் போய்விட்டது! அடுத்ததற்கு ஒரு மணி நேரம். காத்திருப்பது எனக்கு ஆகவே ஆகாது, உங்களுக்குத் தெரியும். அதுவும் அந்தக் குளிரில். கடைசியில் ஒரு பாட்டி கையைப் பிடித்து அழைத்துப்போய்ச் சரியான இடத்தில் நிறுத்தினார். மொழியே புரியவில்லை, ஆனாலும் பஸ் வரும்வரை கூடவே நின்றார். நன்றி பாட்டி!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வீடியோ பார்த்த ஒருவர், "சாகப்போகிற இடத்தில் பாட்டும் கூத்தும் எதற்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த ஊர் இது. இங்கே 1943 செப்டம்பர் 23 அன்று, மாக்டெபர்க் பாசறையில், 'புருண்டிபார்' என்ற ஓபராவை, அதாவது பாட்டாலேயே நடக்கும் நாடகத்தை, குழந்தைகள் நடித்தார்கள். நோயாளி அம்மாவுக்குப் பால் வாங்கக் காசில்லாமல் அண்ணனும் தங்கையும் சந்தையில் பாடுகிறார்கள். மீசைக்காரன் புருண்டிபார் விரட்டுகிறான். குருவி, பூனை, நாயோடு ஊர்க் குழந்தைகளும் சேர்ந்து அவனைத் தோற்கடிக்கிறார்கள். அந்த மீசை யாருடையது என்று கைதிகளுக்குச் சொல்ல வேண்டுமா என்ன?

மொத்தம் 55 முறை! பாடிய பிள்ளைகளை ரயிலில் ஏற்றிக் கொலைமுகாமுக்குக் கொண்டு போவார்கள். அந்த இடத்துக்கு வேறு பிள்ளை பாட்டைக் கற்றுக்கொண்டு வரும். இதைப் படித்தபோது அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அட, ஒன்றை விட்டுவிட்டேன். இசையமைத்தவர் ஹான்ஸ் க்ராசா. 1938இலேயே எழுதியது, கைதியாக முகாமுக்கு வந்தபின், கிடைத்த வாத்தியங்களுக்கேற்ப மாற்றி எழுதினார். கடைசிப் பாட்டின் வரிகளையும் அங்கே மாற்றினார்கள்: நீதியை நேசித்து அஞ்சாமல் நிற்பவனே நம் தோழன் என்று.

1944 ஜூனில் செஞ்சிலுவைச் சங்கத்தார் வந்தபோது முகாமில் எல்லாரும் நன்றாக இருப்பதாக நாஜிகள் இதையே காட்டி ஏமாற்றினார்கள். பலர் அதை மட்டுமே பேசுவது எனக்கு எரிச்சல். அதற்கு முன்னால் எத்தனையோ இரவுகள் கைதிகள் கைதிகளுக்காக நடித்தது இது! அந்த அக்டோபரிலேயே க்ராசாவை ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பிக் கொன்றார்கள்.

அப்புறம், பூனையாக நடித்து உயிர்தப்பியவர் பின்னாளில் சொன்னது: யூதர் என்று அடையாளம் காட்ட நாஜிகள் கட்டாயமாக அணியவைத்த மஞ்சள் நட்சத்திரத்தை, மேடையில் இருக்கும்போது மட்டும் அணிய வேண்டியதில்லை.

அடுத்த வீடியோவில், அதே முகாமில் இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் ரெக்வியத்தை, அதாவது இறந்தவர்களுக்கான பிரார்த்தனை இசையை, கைதிகளைப் பாடவைத்த ராஃபேல் ஷெக்டர்.