டவுன்லோட் ஃபோல்டரில் கிடக்கும் ரிப்போர்ட்

வணக்கம் நேயர்களே. கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கத்தில் சின்னதாக ஒரு பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். சாதிச் சான்றிதழ், பட்டா, கரண்ட் பில் என்று வருகிறவர்களுக்கு நடுவே லேப் ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுக்க வருகிறவர்கள் இப்போது ரொம்ப அதிகம். லேப்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள், டாக்டரோ தாளாகக் கொண்டுவா என்கிறார்.

ஒருநாள் சாயங்காலம் ஒரு அக்கா வந்தார்கள். கடையில் ஆள் இருந்ததால் மழைக்கு ஒதுங்கியதுபோல ஓரமாக நின்று, எல்லாரும் போன பிறகுதான் போனை நீட்டினார்கள். "மக்களே, இத ஒண்ணு எடுத்துத் தா, யாருகிட்டயும் சொல்லிரப்பிடாது." கர்ப்பப்பை ஸ்கேன். எடுத்துக் கொடுத்தேன், மடித்துப் பர்சுக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்புறம் வேறு எதையோ தேடி டவுன்லோட் ஃபோல்டரைத் திறந்தால், அந்த ஸ்கேன் அங்கேயே கிடக்கிறது. கூடவே அந்த வாரம் வந்தவர்களுடைய சுகர், தைராய்டு, விந்தணுப் பரிசோதனை எல்லாம், பெயர், வயது, போன் நம்பரோடு. அதே கம்ப்யூட்டரில்தான் காலேஜ் பிள்ளைகள் பரீட்சை ரிசல்ட் பார்க்க உட்காருகிறார்கள். எனக்கு நெஞ்சு திக்கென்றது. யாருகிட்டயும் சொல்லாதே என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போனார்கள், நானும் சொல்லவில்லை, ஆனால் என் கம்ப்யூட்டர் எல்லாருக்கும் சொல்லத் தயாராக இருந்திருக்கிறது.

அதனால் எந்தக் கடைக்குப் போனாலும் பிரிண்ட் கைக்கு வந்ததும் கிளம்பிவிடாதீர்கள். ஃபைலை அழிக்கச் சொல்லுங்கள், ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழிக்கிறாரா என்று நின்று பாருங்கள். கடைக் கம்ப்யூட்டரில் உங்கள் வாட்ஸ்அப்பைத் திறக்க வாட்ஸ்அப் வெப் போட்டிருந்தால் உங்கள் போனிலேயே 'லிங்க்டு டிவைசஸ்' என்று இருக்கும், அதில் போய் லாக் அவுட் பண்ணிவிடுங்கள்.

நம்ம மாவட்டத்தில் இன்னொரு விஷயம் உண்டு. மகன் வளைகுடாவில் இருப்பான், லீவுக்கு வரும்போது அம்மாவுக்கு ஒரு போன் வாங்கி, அவசரத்தில் தன் ஜிமெயில் கணக்கையே அதில் போட்டுக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடுவான். அம்மா இங்கே ராத்திரி "மார்பில் கட்டி" என்று தேடினால், கணக்கு ஒன்றே என்பதால் அது தம்மாமில் இருக்கிற மகன் போனிலும் தேடல் வரலாற்றில் வந்து நிற்கலாம். மகனுக்குத் தெரிந்தால் என்ன என்று கேட்கலாம். சொல்வதா வேண்டாமா, எப்போது சொல்வது என்று முடிவெடுக்க வேண்டியது அந்த அம்மாதானே! அவர்களுக்கென்று தனிக் கணக்கு போட்டுக் கொடுங்கள். கூகுள் கணக்கில் 'மை ஆக்டிவிட்டி' பகுதியில், 3 மாதத்துக்கு மேல் பழைய தேடல்கள் தானாக அழியும்படி வைக்கவும் வழி இருக்கிறது.

பிரவுசரில் தேடியதைச் சேமித்து வைக்காத 'இன்காக்னிட்டோ' முறையைப் போட்டுப் பார்த்தால் யாருக்கும் தெரியாது என்று பலர் நம்புகிறார்கள். வீட்டில் ஒரே போனை நாலு பேர் எடுக்கும்போது அது உதவும், போனில் தேடிய தடம் தங்காது. ஆனால் நீங்கள் போகிற இணையதளத்துக்கும் நெட் கொடுக்கிற கம்பெனிக்கும் நீங்கள் வந்தது தெரியும்.

ரொம்பக் கவனம் வேண்டியது மொபைல் நம்பர் கேட்கிற இடத்தில்தான். "இலவச ஆலோசனை, நம்பரைப் போடுங்கள்" என்பார்கள். மூட்டுவலிக்கு மருந்து பார்த்த ஒரு பெரியவர் நம்பரைக் கொடுத்துவிட்டு, ஒரு மாதம் விடாமல் வந்த போன் கால்களோடு என் கடைக்கு வந்தார். பெரிய கம்பெனிகளும் இதில் சுத்தமில்லை. அமெரிக்காவில் மருந்துக்குத் தள்ளுபடி தருகிற குட்ஆர்எக்ஸ் என்ற நிறுவனம், தன்னிடம் வந்தவர்களின் உடல்நல விவரத்தை ஃபேஸ்புக், கூகுள் போன்றவர்களுக்குக் கொடுத்தது என்று அந்நாட்டு வணிக ஆணையம் குற்றம் சாட்டி, 2023-இல் 15 லட்சம் டாலர் அபராதம் கட்டுவதில் போய் முடிந்தது. நம் நாட்டிலும் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017-இல் ஒருமனதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

சரி, இதையெல்லாம் கேட்டுப் பயந்து தேடாமல் இருந்துவிடாதீர்கள், அதுதான் எனக்குப் பெரிய கவலை. பெயரும் நம்பரும் கொடுக்காமல் படியுங்கள். உடல்நலம் பற்றி ஆளிடம் பேச வேண்டுமென்றால் 104 இருக்கிறது, மனக்கஷ்டத்துக்கு 14416, எச்.ஐ.வி. பற்றிக் கேட்க 1097. மூன்றும் அரசு நடத்துகிற இலவச எண்கள்.

அந்த அக்கா ரெண்டு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வந்தார்கள். பழைய ஃபைல் கிடந்ததையும் அழித்ததையும் மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இப்ப எடுக்கதையும் என் முன்னாலயே அழி, நான் பாக்கேன்" என்றார்கள்.