பங்குப் பணம் தர மறுத்தா வரிப்பணம் மிச்சமாகுமா?

நடுவர் அவர்களுக்கும் சபையில இருக்கிற எல்லாருக்கும் வணக்கம். பல ஊரை இணைக்கிற விரைவு ரயிலுக்கு ஒரு உள்ளூர் அரசு தன் பங்குப் பணத்தை தர மறுக்கறது உள்ளூர் வரிப்பணத்தை காப்பாத்துதா, வீணாக்குதான்னு தலைப்பு. வீணாக்குதுன்னு சொல்லத்தான் வந்திருக்கேன்.

எதிரணி தோழி அழுத்தமா ஒண்ணு கேட்டாங்க, "எங்க எல்லைக்குள்ள ஓடறதே கொஞ்ச தூரம், அதுக்கு நாங்க ஏன் கோடி கோடியா கட்டணும்?"னு. கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா ரயிலோட பலனை எல்லைக்குள்ள இருக்கிற தண்டவாளத்தை வச்சு மட்டும் அளக்க முடியாதுங்க. டெல்லியை உத்தரப்பிரதேசத்துல இருக்கிற மீரட்டோட இணைக்கிற விரைவு ரயில் லைனையே எடுத்துக்கோங்க, மொத்தம் 82 கிலோமீட்டர், டெல்லிக்குள்ள சுமாரா 14தான், ஆனா வழியில இருக்கிற காசியாபாத்ல இருந்தும் மீரட்ல இருந்தும் தினம் காரும் பஸ்ஸும் நுழைஞ்சு நெரியறது டெல்லி ரோடு, அந்த புகையை சுவாசிக்கறது டெல்லி பிள்ளைங்க, அப்போ ரயிலால டெல்லிக்கு லாபம் இல்லையா?

அந்த லைனை கட்டின நிறுவனத்துல மத்திய அரசுக்கு 50 சதவீதம், டெல்லி, ஹரியானா, ராஜஸ்தான், உத்தரப்பிரதேசத்துக்கு தலா 12.5. இப்படி பங்கு போட்டு ஆரம்பிச்ச வேலையில 2023ல டெல்லி அரசு நிதி இல்லைன்னு சுப்ரீம் கோர்ட்ல சொல்லுச்சு. சரி, விளம்பரத்துக்கு எவ்வளவு செலவு பண்ணீங்கன்னு கோர்ட் கணக்கு கேட்டா, மூணு வருஷத்துல ஆயிரம் கோடிக்கும் மேல! அதுக்கப்புறம் ரயில் பங்கு 415 கோடியை கட்டுங்கன்னு உத்தரவு, அதுவும் இழுத்துக்கிட்டே போக, நவம்பர்ல, கட்டலைன்னா விளம்பர நிதியை ரயிலுக்கு மாத்திடுவோம்னு கோர்ட்டே சொல்ற அளவுக்கு போச்சு. எந்த கட்சி ஆண்டாலும் எனக்கு ஒண்ணுதான், நிதி இல்லைங்கற பேச்சுக்கு பின்னாடி பல நேரம் இருக்கறது எதுக்கு முதல்ல செலவு பண்றதுங்கற முடிவுதான்.

வெளிய வந்துட்டா நிம்மதின்னு நினைக்கறவங்களுக்கு அமெரிக்காவுல ஒரு ஊர் கதை சொல்லணும். சான் பிரான்சிஸ்கோவை சுத்தி இருக்கிற அஞ்சு கவுன்டி, அதாவது நம்ம மாவட்டம் மாதிரி, சேர்ந்து பார்ட்னு ஒரு ரயில் கட்டலாம்னு இருந்தாங்க. 1961 கடைசியில சான் மாட்டியோ கவுன்டி, செலவு ஜாஸ்தி, எங்களுக்கு ஏற்கனவே தனியார் ரயில் ஓடுதுன்னு விலகிடுச்சு. பக்கத்துல மரின் கவுன்டிக்காரங்க இருக்கத்தான் நினைச்சாங்க, ஆனா ஒரு பெரிய வரி ஆதாரம் போனதும் மிச்ச கணக்கு தாங்கல, அவங்க ஊருக்கு போற கோல்டன் கேட் பாலத்து மேல ரயில் போக முடியுமாங்கற சந்தேகமும் சேர்ந்துக்கிச்சு, 1962ல அவங்களும் வெளிய. ஒருத்தர் எடுத்த முடிவுல அடுத்தவங்களுக்கும் ரயில் போச்சு, இதை எதிரணி கொஞ்சம் யோசிக்கணும். மீதி மூணு கவுன்டி 79 கோடியே 20 லட்சம் டாலர் கடன் பத்திரத்துக்கு ஓட்டு போட்டாங்க, 60 சதவீதம் வேணும், 61 சொச்சம்தான் வந்துச்சு, நூலிழையில தப்பிச்ச திட்டம் அது.

சரி, விலகின சான் மாட்டியோவுக்கு காசு மிஞ்சுச்சா? நம்பியிருந்த தனியார் ரயில் நஷ்டத்துல தள்ளாடி 1980ல இருந்து அரசு பணம் போட்டுத்தான் ஓடுச்சு. பார்ட்டும் வேணும்னு பின்னாடி அவங்களே கேட்டாங்க, ஏர்போர்ட் வழியா அவங்க கவுன்டியில இருக்கிற மில்ப்ரே வரைக்கும் லைன் 2003லதான் திறந்துச்சு, அந்த ஒரு நீட்டிப்புக்கே சுமார் 150 கோடி டாலர். விலைவாசி ஏறினதை கழிச்சு பார்க்கணும், ஒத்துக்கறேன். ஆனா கூட்டு அமைப்புல உறுப்பினரா இல்லாததால அந்த லைனை ஓட்டற நஷ்டத்தை யார் சுமக்கறதுன்னு வருஷக்கணக்கா தகராறு, இத்தனை வருஷமா அந்த ஜனங்க இழந்த நேரம் வேற!

ஏழை நகராட்சி என்ன பண்ணும்னு எதிரணி கேட்டாங்க, அதுல எனக்கும் அக்கறை இருக்கு. எல்லாரும் ஒரே அளவு கட்டணும்னு நான் சொல்லல. வருமானம் எவ்வளவு, ஸ்டேஷன் எத்தனை, ஸ்டேஷனை சுத்தி நிலத்தோட மதிப்பு எவ்வளவு ஏறும்னு பார்த்து பங்கை பிரிக்கட்டும், முடியாதவங்களுக்கு மாநிலம் கை கொடுக்கட்டும். அந்த பேரம் எல்லாம் திட்ட அறிக்கை கட்டத்துலயே காரசாரமா நடக்கட்டும், முடிஞ்சதும் தனி நிதியில வருஷா வருஷம் ஒதுக்கி வைக்கறதை சட்டமாவே ஆக்கணும், அடுத்த தேர்தல்ல யார் ஜெயிச்சு வந்தாலும் அந்த பணத்துல கை வைக்க முடியாதபடி. எங்க அணி கேக்கறது இவ்வளவுதான் நடுவர் அவர்களே, நன்றி.