எல்லை தாண்டும் பழைய செம்பு

நேயர்களுக்கு வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி வட்டாரத்தில் ஆழ்துளைக் கிணறு இல்லாத தென்னந்தோப்பு அரிது. கிணறு இருந்தால் மோட்டார் இருக்கும். மோட்டார் இருந்தால் என்றைக்காவது காயில் கருகும். கருகிய காயிலைப் பிரித்துப் புதிதாகக் கட்டித் தரும் பட்டறைகளில் சேரும் செம்புக் கம்பிதான் இந்தப் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளுக்கு, மலையாளத்தில் சொன்னால் ஆக்ரிக் கடைகளுக்கு, வரும் விலை உயர்ந்த சரக்கு. அந்தக் கடைக்காரர்களுக்கு வரிக்கணக்கு எழுதிக் கொடுப்பவன் என்ற முறையில் அடிக்கடி என் காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு: "செம்பு விற்க லைசென்ஸ் வேண்டுமா? எவ்வளவு கட்ட வேண்டும்?"

செம்புக்கென்று தனியாக ஓர் உரிமத்தை நம் கடைக்காரர்கள் யாரும் சுவரில் மாட்டி நான் பார்த்ததில்லை. கடை நடத்த ஊராட்சியின் வணிக உரிமம் வேண்டும். அதற்குரிய கட்டணத்தை ஊராட்சியிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சிக்கல் அங்கே இல்லை. வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கோ, கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்கோ மூட்டையை ஏற்றும்போதுதான் அது தொடங்குகிறது.

கேரளத்துக்குள்ளேயே பாலக்காட்டு வியாபாரிக்கு விற்கும் சிறு கடைக்காரர், ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டியதில்லை. அதே மனிதர் வியாபாரமாக ஒரே ஒரு மூட்டையை எல்லை தாண்டி விற்றாலும், விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும், பதிவு கட்டாயம். பாலக்காட்டுக்குப் போகும் அதே நேரத்தில் பொள்ளாச்சிக்கும் போய்விடலாம் என்று நினைப்பவருக்கு இது விநோதமாகத்தான் தெரியும். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தவுடன் வாளையாறு வணிகவரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நின்ற காலம் முடிந்தது. கேட் போனதால் எல்லையும் போய்விட்டது என்று பலர் எண்ணிக்கொண்டார்கள். எல்லை இப்போது காகிதத்தில் இருக்கிறது. சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில், அதாவது சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டு, வேண்டும். கிலோவுக்கு 700 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட 72 கிலோ செம்பு அந்த வரம்பைக் கடந்துவிடும். இரும்பு வியாபாரிக்கு லாரி நிறைய ஏற்றும்போது வரும் கவலை, செம்பு வியாபாரிக்கு ஆட்டோவின் பின்சீட்டிலேயே வந்துவிடுகிறது.

பழைய செம்புக்கு வரி 18 சதவீதம். போலி பில்களைக் காட்டி, கட்டாத வரிக்கு வரவு எடுப்பது, அதாவது கட்டியதாகச் சொல்லித் தம் வரியில் கழித்துக்கொள்வது, இந்தத் தொழிலில் பெரும் புகாராக இருந்தது. 2024 மே மாதத்தில் கேரள ஜிஎஸ்டி துறை 'ஆபரேஷன் பாம் ட்ரீ' என்ற பெயரில் ஆக்ரி வியாபாரிகளிடம் பரவலாகச் சோதனை நடத்தியது. அதே ஆண்டு அக்டோபர் 10 முதல் நாடு முழுவதற்கும் விதி மாறியது. பதிவில்லாதவரிடம் உலோகக் கழிவு வாங்கும் பதிவு பெற்ற வியாபாரி, அந்த வரியைத் தாமே அரசுக்குக் கட்ட வேண்டும். பதிவு பெற்ற இருவருக்கிடையே நடக்கும் ஒப்பந்தம் இரண்டரை லட்சம் ரூபாயைத் தாண்டினால், வாங்குபவர் 2 சதவீதத்தைப் பிடித்தம் செய்து செலுத்த வேண்டும். பெரிய கடைக்காரர் தெருவில் சேகரிப்பவரிடம் விலையைக் குறைத்துக் கேட்பதற்கு, அவருக்காகத் தாம் கட்டும் வரியையும் ஒரு காரணமாகச் சொல்கிறார். கட்டிய வரியை அவர் பின்னர் வரவாக எடுத்துக்கொள்ள முடியும் என்பதால், அந்தக் காரணம் பாதிதான் உண்மை.

இங்கிலாந்து வேறு வழியில் போயிற்று. அங்கே 2013-ஆம் ஆண்டின் பழைய உலோக வியாபாரிகள் சட்டப்படி, உள்ளூர் மன்றம் மூன்றாண்டு உரிமம் வழங்குகிறது. கட்டணத்தையும் அந்தந்த மன்றமே நிர்ணயிக்கிறது. வீடு வீடாகச் சேகரிப்பவரின் உரிமம் அதை வழங்கிய மன்றத்தின் எல்லைக்குள் மட்டுமே செல்லும். பழைய உலோகத்தை ரொக்கம் கொடுத்து வாங்கவே கூடாது. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் விற்பவரே தம் கவுண்டியின் (மாவட்டம் போன்ற பகுதியின்) காவல் தலைவரான ஷெரிஃபிடம் அனுமதி பெற வேண்டும். ரொக்கத் தடையை இங்கே அப்படியே கொண்டுவந்தால், முதலில் அடிபடுபவர் சைக்கிளில் மூட்டை கட்டிப் போகிறவர் என்பதே என் கருத்து. ஆனால் யாரிடம் வாங்கினோம் என்று எழுதி வைக்கும் பழக்கம் மட்டும் நமக்கும் அவசரமாக வேண்டும்.

காரணம், கேபிள் திருட்டு. தோப்பில் இரவோடு இரவாக வெட்டப்படும் கம்பி, மறுநாள் தோல் எரித்த செம்பாக ஏதோ ஒரு தராசில் ஏறுகிறது. மின்சாரச் சட்டம், 2003-இன் 136-ஆம் பிரிவு மின்கம்பி திருடுபவரையும், 137-ஆம் பிரிவு அதைத் தெரிந்தே வாங்குபவரையும் தண்டிக்கிறது. இரண்டுக்கும் மூன்றாண்டு வரை சிறை உண்டு. ரயில்வே சொத்து என்றால் நிலைமை இன்னும் கடினம். 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி, திருட்டுச் சரக்கு என்று நியாயமாகச் சந்தேகிக்கத்தக்க ரயில்வே பொருள் உங்கள் கடையில் கிடைத்தால், அது நேர்வழியில் வந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. பாலக்காடு–பொள்ளாச்சி ரயில் பாதைக்கு அருகில் கடை வைத்திருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

தம் சொந்த மோட்டாரின் கருகிய காயிலை விற்கும் விவசாயி வியாபாரி அல்லர். அவருக்குப் பதிவும் வேண்டாம், உரிமமும் வேண்டாம். வைண்டிங் பட்டறை கொடுத்த ரசீதைக் கையோடு எடுத்துச் சென்றால் போதும். கடைக்காரருக்கோ, ஜிஎஸ்டி பதிவுக்கு அரசு ஒரு பைசாவும் வாங்குவதில்லை. தவறாமல் கணக்குத் தாக்கல் செய்ய என்னைப் போன்றவருக்குக் கொடுப்பதுதான் செலவு.