கான்டாக்ட் போட்டதுமே வளைந்துவிட்ட நானோ கம்பி

வணக்கம் மக்களே. எல்இடி பல்புக்குள் நீல வெளிச்சம் தருகிற கேலியம் நைட்ரைடு குடும்பம் தெரியும்தானே? அதையே ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமனில் கம்பியாக வளர்க்கலாம். அந்தக் கம்பி ஒன்றே ஒன்றை எடுத்து, மின்சாரம் கொடுத்தால் உள்ளே படிகம் என்ன ஆகிறது என்று ஜெர்மனியில், ஹாம்பர்க்கின் டெசி ஆய்வகக் குழு பார்த்தது. 2018-இல் வெளியான ஆய்வு.

எப்படிப் பார்த்தார்கள்? எக்ஸ்ரேதான். படிகத்தில் அணு அடுக்குகள் ஒழுங்காக இருந்தால், குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் எக்ஸ்ரே பளிச்சென்று சிதறும். அடுக்கு இடைவெளி மாறினால் அந்தப் புள்ளி நகரும், கம்பி வளைந்தால் புள்ளி இழுபட்டு நீளும். ஒற்றைக் கம்பிக்கு ஆஸ்பத்திரி எக்ஸ்ரே போதாது, சிங்க்ரோட்ரான் வேண்டும், அதாவது எலக்ட்ரான்களை வளையத்தில் சுற்றவிட்டு ரொம்பப் பிரகாசமான எக்ஸ்ரே எடுக்கிற இயந்திரம். டெசியில் இருக்கிற பெட்ரா 3 வளையத்தின் சுற்றளவு மட்டுமே 2.3 கிலோமீட்டர்!

எனக்குப் பிடித்த இடம் இதுதான். வோல்டேஜ் கொடுக்கவே இல்லை, மின்சாரம் கொடுப்பதற்காக முனைகளில் உலோக கான்டாக்ட் படியவைத்தார்கள், அவ்வளவுதான். அப்போதே கம்பி நன்றாக வளைந்திருந்தது. வோல்டேஜ் வந்ததும் வளைவு இன்னும் கூடியது. அப்படியென்றால் கருவிக்குள் வேலை செய்வது நீங்கள் வளர்த்த கம்பி இல்லை. கான்டாக்ட் ஏற்கனவே பிடித்து வளைத்த கம்பி.

வோல்டேஜ் ஏன் வளைக்கிறது? கேலியம் நைட்ரைடு பீசோ மின் பொருள், மின்புலம் பட்டால் நீளும் அல்லது சுருங்கும். இவர்கள் கணக்கிட்ட அளவு ஒரு வோல்ட்டுக்கு சுமார் 7.7 பிகோமீட்டர் (ஒரு பிகோமீட்டர் என்பது மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). அணு அடுக்கு ஒருமுறை திரும்ப வருகிற தூரமே கிட்டத்தட்ட 518 பிகோமீட்டர், அதில் இது எந்த மூலைக்கு! ஆனாலும் எக்ஸ்ரே பிடித்துவிடுகிறது. வோல்டேஜைத் திசை மாற்றியும் கொடுத்துப் பார்த்தார்கள். அது முக்கியம், ஏனென்றால் சூட்டினால் வரும் விரிவுக்குத் திசை கிடையாது, பீசோவுக்கு உண்டு.

அப்புறம், கம்பி உடைகிற வரைக்கும் சோதித்தார்கள். தாங்கிய இழுவிசை சுமார் 1.22 கிகா பாஸ்கல், அதாவது 1220 மெகா பாஸ்கல். வீட்டு கான்கிரீட்டுக்குப் போடும் 500 கிரேடு டிஎம்டி கம்பி 500 மெகா பாஸ்கலிலேயே நிரந்தரமாக நீள ஆரம்பித்துவிடும். ஆனால் ஒன்று, டிஎம்டி கம்பி நீண்டு எச்சரிக்கை கொடுக்கும், இது சட்டென்று உடைந்துபோகும்.

அடுத்த வீடியோவில் இண்டியம் பாஸ்பைடு கம்பி. கேள்வி இருந்தால் கீழே கேளுங்கள்.