மணி என்றால் எந்த மணி?

(மும்பை மாட்டுங்காவில் தமிழர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். இந்த மாட்டுங்கா மார்க்கெட் பக்கம் நின்று "மணி!" என்று ஒரு குரல் கொடுத்தால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். ஒருவர் சுப்பிரமணியன், ஒருவர் மணிகண்டன், ஓர் அம்மா மணிமேகலை. ஊர்ப்பக்கம் என்றால் ஒரு நாயும் வாலை ஆட்டிக்கொண்டு வரும். இந்தப் பெயரைப் பற்றித்தான் இன்று பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

கழுத்திலிருந்து தொடங்குவோம். நூலில் கோக்கிற சிறு உருண்டை, அதுதான் மணி. "மணியில் திகழ்தரு நூல்போல்" என்கிறது 1273-ஆம் குறள். மணிக்குள்ளே நூல் தெரிகிற மாதிரி அவள் அழகுக்குள்ளே ஒரு குறிப்பு தெரிகிறதாம். நூல் தெரிகிறது என்றால் அது பளிங்கு மாதிரி ஒளி புகும் மணியாகத்தான் இருக்க வேண்டும். இங்கே மராட்டியப் பெண்கள் மங்களசூத்திரத்தில் கோக்கும் கருப்பு உருண்டைகள் 'காளே மணி'. நம் ஊரில் கருகமணி.

வடமொழியில் இந்தச் சொல் ரிக் வேதத்திலேயே இருக்கிறது. 'மணிக்ரீவ' என்று வருகிறது, கழுத்தில் மணி அணிந்தவன் என்று பொருள். கிரீவம், கண்டம் இரண்டுமே வடமொழியில் கழுத்துதான்; கிரீவத்தைக் கண்டம் ஆக்கினால் நம் சபரிமலை மணிகண்டன்! லத்தீனில் கழுத்தணிக்குப் பெயர் 'மோனிலே'. அதோடு இதை உறவாக்குகிறவர்கள் உண்டு. இல்லை, திராவிட வேர்தான் என்கிறவர்களும் உண்டு. அந்த இழுபறியை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். இந்தச் சொல் தமிழுக்குள் செய்த சேட்டைகள்தான் எனக்குப் பிடித்தவை.

மணிவண்ணன் என்றால் நீலமணியின் நிறம் கொண்டவன். கண்ணின் நடுவே இருப்பதும் மணி. அந்தக் கருமணிக்குள் இருக்கும் பாவையைப் பார்த்து, "நீ போய்விடு, என் காதலிக்கு இடமில்லை" என்கிறான் குறளில் ஒருவன். வயலில் நெல்மணி. பயிரில் மணி பிடிக்க உதவும் பாஸ்பரஸுக்கு உழவர்கள் வைத்திருக்கும் பெயர் மணிச்சத்து. கையெழுத்து அழகாக இருந்தால் அதுவும் மணிமணியாக இருக்கிறது.

அப்புறம், ஓசை எழுப்பும் மணி. சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் முன்னால் நின்று தன் ஊர்ப் பெருமை சொல்கிறாள். கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழன் கதை அது.

"வாயிற் கடைமணி நடுநா நடுங்க
ஆவின் கடைமணி உகுநீர் நெஞ்சுசுட"

முதல் அடியில் அரண்மனை வாசலில் தொங்கும் மணி. அடுத்த அடியில் பசுவின் கண்மணி. அதே 'கடைமணி', ஒன்று நா நடுங்கி ஒலிக்கிறது, மற்றொன்று நீர் சிந்துகிறது. இளங்கோ இதை வேண்டுமென்றேதான் வைத்தார் என்பேன். வாயில்லாத பசுவின் கண்ணீருக்கு அந்த வெண்கல நாக்குதான் குரல்.

கடிகார மணி பிந்தி வந்தது. நம் பழைய அளவு நாழிகை, அதாவது 24 நிமிடம். 60 நிமிடக் கணக்கு பரவியபோது, அதை அறிவிக்க அடித்த மணியே நேரத்துக்கும் பெயராகிவிட்டது. இந்திக்காரர்களுக்கும் 'கண்டா' என்றால் மணியும் உண்டு, ஒரு மணி நேரமும் உண்டு. கன்னடமும் தெலுங்கும் அந்தக் குடும்பத்துச் சொல்லையே வைத்துக்கொண்டன. மலையாளம் நம் பக்கம். மராட்டியில் 'கிதி வாஜலே?' என்று கேட்பார்கள், எத்தனை அடித்தது என்று. ஊருக்குப் பணம் அனுப்பிய 'மணியார்டர்' மட்டும் இந்த வம்சத்தில் சேராது, ஆனால் அதைக் கொண்டுவந்த தபால்காரர் வீட்டு வாசலில் சைக்கிள் மணியை அடித்தார்!

சரி, ஆள் பெயருக்கு வருவோம். இங்கே ஒரு சின்ன அதிர்ச்சி. சுப்பிரமணியனுக்குள் மணியே கிடையாது. அது 'சு' என்பதும் 'பிரஹ்மண்ய' என்பதும் சேர்ந்த சொல். பிரமத்தோடு தொடர்புள்ளது, ரத்தினத்தோடு அல்ல. நாம் பெயரைச் சுருக்க நடுவில் ஒரு வெட்டு வெட்டினோம், கையில் ஒரு மணி கிடைத்தது. ஆக, இந்த அரங்கில் உள்ள சுப்பிரமணிகள் மன்னிக்க வேண்டும், அசல் மணி மணிகண்டனிடமும் மணிமேகலையிடமும்தான் இருக்கிறது. மறுப்பவர்கள் மேடைக்கு வரலாம். ஒன்பது மணி லோக்கலைப் பிடிக்க வேண்டியவர்கள் இப்போதே கிளம்பலாம். நன்றி, வணக்கம்.