லிஃப்டுக்கும் வீட்டுக் கதவுக்கும் நடுவே

எல்லோருக்கும் வணக்கம்.

உயரமான கட்டடம் என்றதும் எத்தனை மாடி என்றுதான் முதலில் கேட்கிறோம். நான் வேறொன்று கேட்பேன். லிஃப்டை விட்டு இறங்கியவர் வீட்டுக் கதவைத் திறக்கும் வரை எதைப் பார்க்கிறார், யாரைப் பார்க்கிறார்? சன்னலே இல்லாத, பகலிலும் விளக்கு எரிகிற நடைவழியாக இருந்தால், பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாமலே வருடங்கள் ஓடிவிடும். அதே நடையின் இரு முனைகளையும் திறந்துவிட்டு, உட்கார ஒரு திண்ணையும் போட்டுப் பாருங்கள். விளக்குச் செலவு குறையும், ஆட்களும் நின்று பேசுவார்கள். பசுமைக்கும் அக்கம்பக்கத்துக்கும் பெரும்பாலும் ஒரே முடிவுதான் உதவுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

பொது இடம் தினமும் போய்வரும் வழியில் இருக்க வேண்டும். ஒதுக்குப்புறமாக ஒரு கிளப் ஹவுஸ் கட்டி வைத்தால் விளம்பரத்துக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான். சிங்கப்பூரின் கம்போங் அட்மிரல்டி என்ற அடுக்குமாடிக் கட்டடத்தைப் பாருங்கள். தரையில் யாரும் வந்து போகக்கூடிய திறந்த முற்றம், அதற்கு மேல் உணவுக்கடைகள், அப்புறம் மருத்துவ மையம், அதற்கும் மேலே தோட்டமும் முதியோருக்கான வீடுகளும். குழந்தைகள் காப்பகமும் முதியோர் மையமும் அடுத்தடுத்து இருக்கின்றன. மருந்து வாங்க இறங்குகிற தாத்தா, பேரனைக் கூப்பிட வந்தவரைப் பார்க்காமல் போக முடியாது. அந்தச் சந்திப்பு கட்டடத்தின் வரைபடத்திலேயே இருக்கிறது.

இதையே தலைகீழாகச் செய்தால் என்ன ஆகும்? கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே 1952-இல் பிரான்சின் மார்செய் நகரில் கட்டி முடித்த 337 வீடுகள் கொண்ட கட்டடத்தில், கடைத்தெருவை நடு மாடியில் வைத்தார். துணிச்சலான யோசனை. ஆனால் தெருவில் போகிறவர் கண்ணுக்கு அந்தக் கடைகள் படவில்லை. உள்ளே குடியிருப்பவர்களை மட்டும் நம்பிக் கடை நடத்துவது கடினம். அவர் மொட்டைமாடியில் வைத்த மழலையர் பள்ளியும் சிறு குளமும் இன்றும் பேசப்படுகின்றன. கடைக்கு வழிப்போக்கர் வேண்டும். குழந்தைகளுக்கு வானம் போதும்.

வீடு, கடை, அலுவலகம் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதில் சிக்கனமும் உண்டு. அலுவலகக் கார்கள் கிளம்பியபின் அதே இடத்தில் குடியிருப்போர் கார்கள் நிற்கலாம். கடையின் குளிர்பதனப் பெட்டிகள் வெளியே தள்ளும் வெப்பத்தில் வீடுகளுக்கு வெந்நீர் போடலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. கடைக்கு வேண்டிய தூண் இடைவெளி வேறு, வீட்டுக்கு வேண்டியது வேறு. இரண்டையும் ஆரம்பத்திலேயே பொருத்தாவிட்டால், நடுவில் தடிமனான ஒரு கான்கிரீட் தளம் போட்டு, மேல் தூண்களின் சுமையைக் கீழ்த் தூண்களுக்கு மாற்ற வேண்டிவரும். அத்தனை சிமெண்ட்டையும் கொட்டிவிட்டு மேலே நாலு மரம் நட்டால் பசுமைக் கட்டடம் ஆகிவிடாது.

சரி, இடத்தைக் கட்டிவிட்டோம். அதை யார் பராமரிப்பது? அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 1950-களில் கட்டிய புரூயிட்-ஐகோ குடியிருப்பில், 11 மாடிகள் கொண்ட 33 கட்டடங்கள். லிஃப்ட் சில மாடிகளில் மட்டும் நிற்கும். அங்கே எல்லோரும் கூடட்டும் என்று அகலமான நடைகள், துணி துவைக்கும் அறைகள். வாடகை வருமானத்தை நம்பிய பராமரிப்பு, நகர மக்கள்தொகை சரிந்ததும் நின்றுபோனது. கூடிப் பேசக் கட்டிய இடங்களே பயப்படும் இடங்களாயின. 1972-இல் இடிக்கத் தொடங்கினார்கள். வடிவமைப்பு மட்டும் காரணமல்ல. பராமரிக்கப் பணமில்லாத பொது இடம் எவ்வளவு நல்ல வரைபடத்தையும் தோற்கடித்துவிடும். அதனால்தான் சொல்கிறேன், கடை வாடகையில் ஒரு பங்கு பொது இடப் பராமரிப்புக்கு என்று பத்திரத்திலேயே எழுதுங்கள்.

சட்டம் எழுதுகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். பொது மாடித்தோட்டத்தை, கட்ட அனுமதிக்கும் மொத்தத் தளப்பரப்பில் விற்பனைக்கான இடத்தோடு சேர்த்துக் கணக்கிட்டால், எந்த பில்டரும் முதலில் வெட்டுவது அதைத்தான். சிங்கப்பூரில் நிபந்தனைகளோடு அதற்கு விலக்கு இருக்கிறது. மற்ற ஊர்களின் விதிகளிலும் அந்த ஒரு வரியைச் சேருங்கள்.